எல்வா கழிமுகத்தில் கெல்ப் தேடி

திங்கள், போர்ட் ஏஞ்சலஸ்

வாஷிங்டன் மாநிலத்தின் வடமேற்கு ஓரம். முன்னால் ஹுவான் டி ஃபூகா நீரிணை, முதுகுப் பக்கம் ஒலிம்பிக் மலைகள். எதிர்க்கரையில் கனடாவின் வான்கூவர் தீவு தெரிகிறது. மாலையில்தான் வந்து சேர்ந்தோம். ஊரைச் சுற்றிப் பார்க்கும் எண்ணமில்லை. கடலுக்குள் கை நீட்டியதுபோல் கிடக்கும் எடிஸ் ஹுக் மணல்திட்டு வரை போய், தண்ணீரின் நிறத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். பச்சை கலந்த சாம்பல் நிறம், அடியில் கல் தெரியுமளவு தெளிவு.

இந்தத் தெளிவுதான் என்னை இங்கே இழுத்து வந்தது. இங்கிருந்து மேற்கே கொஞ்ச தூரத்தில் எல்வா ஆறு கடலில் கலக்கிறது. 72 கிலோமீட்டர்தான் நீளம். அதன் குறுக்கே இரண்டு அணைகள் நின்றன: 1913-இல் முடிந்த எல்வா அணை, 1927-இல் முடிந்த க்ளைன்ஸ் கேன்யன் அணை. இரண்டையும் 2011 செப்டம்பரில் இடிக்கத் தொடங்கி 2014 ஆகஸ்டில் முடித்தார்கள். சால்மன் மீனுக்காகச் செய்த வேலை அது, மீன் திரும்பியும் வந்தது. அந்தக் கதையைப் பலர் எழுதிவிட்டார்கள். அணைகளுக்குப் பின்னால் அடைந்து கிடந்த வண்டல் கடலுக்கு வந்தபோது, கழிமுகத்தை ஒட்டியிருந்த கெல்ப் காடுகளுக்கு, அதாவது பெரிய பழுப்புக் கடல்பாசிகளின் காடுகளுக்கு, என்ன ஆனது என்பதைப் பார்க்கத்தான் நான் வந்திருக்கிறேன்.

கூட வந்திருப்பவர் கடல்பாசி ஆய்வில் பல காலமாக இருக்கும் ஒரு அக்கா. ரத்த உறவில்லை, ஆனால் அப்படித்தான் கூப்பிட்டுப் பழக்கம்.

செவ்வாய், ஆற்றின் மேல்பக்கம்

கடலுக்குப் போகும் முன் வண்டலைப் பார்த்துவிடலாம் என்றார் அக்கா. நல்ல யோசனை.

எல்வா அணை தேக்கிவைத்திருந்த ஆல்ட்வெல் ஏரி இருந்த இடத்தில் பழைய படகுத்துறையின் சரிவு இன்னும் இருக்கிறது. அதில் இறங்கி நடந்தால் தண்ணீர் வராது, காடுதான் வரும். ஆல்டர், வில்லோ மரங்கள் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டன. நடுவே பெரிய பெரிய அடிமரக் கட்டைகள். அணை கட்டும் முன் வெட்டிய மரங்களின் மிச்சம் அவை. மரம்வெட்டிகள் பலகை செருகி ஏறி நிற்பதற்காகப் போட்ட வெட்டுக்காயங்கள் சிலவற்றில் அப்படியே தெரிகின்றன. நூறு ஆண்டு தண்ணீருக்கும் சேற்றுக்கும் அடியில் கிடந்து வெளியே வந்தவை.

ஆறு அறுத்த கரையில் வண்டல் அடுக்கடுக்காகத் தெரிந்தது. கரடு மணல், அதன்மேல் மெல்லிய சாம்பல் களிமண், மறுபடி மணல், இடையே மக்கிய இலைகள். களிமண் அடுக்கில் ஒரு துண்டைப் பெயர்த்து விரல்களுக்கிடையில் தேய்த்தேன். நெருடவே இல்லை. மாவாகக் கரைந்து விரல் ரேகைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதை ஆற்றுத் தண்ணீரில் கழுவியபோது ஒரு சிறிய சாம்பல் புகை கிளம்பி, அடியில் இறங்காமலே ஓட்டத்தோடு போய்விட்டது.

இரண்டு அணைகளிலுமாகச் சுமார் 2 கோடியே 10 லட்சம் கன மீட்டர் வண்டல் சேர்ந்திருந்தது. அதில் ஏறத்தாழப் பாதி இப்படிப்பட்ட நுண்மண். மீதி மணலும் சரளையும். இந்தப் பிரிவு முக்கியம், ஏனென்றால் கடலுக்குப் போனதும் இரண்டும் வேறு வேறு வழியில் கெல்ப்பைத் தொடுகின்றன. கனமானவை கழிமுகத்திலேயே விழுந்து அடியை மூடும். நுண்மண் நாள்கணக்கில் மிதந்து வெளிச்சத்தை மறைக்கும்.

க்ளைன்ஸ் கேன்யனுக்குச் சாலை இல்லை, வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. மேடிசன் அருவிக்குப் பக்கத்தில் வண்டியை விட்டுவிட்டு நடந்தோம். அணையின் பக்கவாட்டுச் சுவர் பார்வை மேடையாக நிற்கிறது. 64 மீட்டர் உயர அணை இருந்த இடைவெளியில் இப்போது ஆறு மட்டும் ஓடுகிறது. பார்க்கவே மனசு நிறைந்தது. இதில் எனக்குத் துளியும் தயக்கம் இல்லை: அணைகள் போனது நல்லது.

புதன், ஃப்ரெஷ்வாட்டர் விரிகுடா

கழிமுகத்துக்கு மேற்கே இருக்கும் விரிகுடா. விடிந்ததும் கயாக் படகில் இறங்கிவிட்டோம்.

கரையிலிருந்து பார்த்தால் தண்ணீரில் மனிதத் தலைகள் மிதப்பதுபோல் இருக்கும். கிட்டே போனால் பழுப்பு நிற மிதவைக் குமிழ்கள். ஒவ்வொன்றின் உச்சியிலும் நீளமான இலைகள் கொத்தாக, ஓட்டம் போகிற திசையில் விரிந்து கிடக்கின்றன. இது நெரியோசிஸ்டிஸ் என்ற கெல்ப் இனம். குமிழுக்குக் கீழே கயிறு மாதிரித் தண்டு பல மீட்டர் இறங்கி, அடியில் ஒரு கல்லை வேர்க்கொத்து போன்ற பற்றுறுப்பால் பிடித்திருக்கிறது. வேர் என்று சொல்லக்கூடாது, அது எதையும் உறிஞ்சுவதில்லை. பிடித்துக்கொள்வது மட்டும்தான் அதன் வேலை. இந்தக் கரையோரப் பழங்குடிகள் அந்தத் தண்டைப் பதப்படுத்தித் தூண்டில் கயிறாகவே பயன்படுத்தினார்கள்.

ஒரு தண்டைப் படகுக்குள் இழுக்காமல் பக்கவாட்டில் தூக்கிப் பார்த்தேன். வழுவழுப்பு, குளிர், நல்ல கனம். இலையின் நடுவில் உள்ளங்கை நீளத்துக்கு அடர்ந்த திட்டு. அதுதான் ஸ்போர்த் திட்டு. ஸ்போர் என்பது கெல்ப்புக்கு விதை மாதிரி, ஒரே செல். சில இலைகளில் அந்த இடம் ஓட்டையாக இருந்தது.

"ஓட்டை இருந்தா வேலை முடிஞ்சதுன்னு அர்த்தம். திட்டு கழன்று அடிக்குப் போயிடுச்சு" என்றார் அக்கா.

இந்த இனத்தின் வழக்கம் இது. மற்ற பல கெல்ப்கள் ஸ்போரைத் தண்ணீரில் நேராக விடும். இது திட்டையே கழற்றிக் கீழே அனுப்பும், பெரும்பாலும் விடியலை ஒட்டிய நேரத்தில். திட்டு இறங்கும்போதே ஸ்போர்கள் வெளியே வரத் தொடங்கும். மேல்நீரில் விட்டால் ஓட்டம் எங்கோ அள்ளிக்கொண்டு போய்விடும். இப்படிச் செய்தால் தாய் நிற்கும் பாறைக்குப் பக்கத்திலேயே பிள்ளைகள் இறங்க வாய்ப்பு. இத்தனை கச்சிதமான ஏற்பாட்டை நினைத்தால் இப்போதும் எனக்கு வியப்புதான்.

நாங்கள் பார்த்த இந்தக் காடு முழுதும் பெரும்பாலும் ஒரே ஆண்டின் வளர்ச்சி. வசந்தத்தில் கண்ணுக்குத் தெரியத் தொடங்கி, ஒரு நாளில் 10 சென்டிமீட்டருக்கு மேலும் நீண்டு, கோடைக்குள் மேல்நீரைத் தொட்டுவிடும். குளிர்காலப் புயல்கள் இதைப் பிடுங்கிக் கரையில் போட்டுவிடும். பிறகு அடுத்த வசந்தம் வரை இங்கே கெல்ப் இல்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் இருக்கிறது, பாறையின் தோல்மேல், நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் அளவில். அந்தக் குளிர்காலத்தில்தான் ஆறும் கலங்கி வருகிறது.

வியாழன், ஆய்வுக்கூடம்

இன்று முழுக்கச் சுவர்களுக்குள். அக்காவுக்குத் தெரிந்த ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் இடம் கொடுத்தார்கள். பயணக் கட்டுரையில் இதற்கு இவ்வளவு இடமா என்று கேட்கலாம். எனக்கு இந்தப் பயணத்தின் உச்சமே இதுதான்.

சேகரித்து வைத்திருந்த ஸ்போர்த் திட்டுகளை நேற்றே துடைத்து, ஈரத்தாளில் சுற்றி, இருட்டில் குளிர்ச்சியாக வைத்திருந்தார்கள். காலையில் குளிர்ந்த கடல்நீரில் போட்டதும், கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மங்கியது. அந்த மங்கல் முழுவதும் ஸ்போர். ஒரு சொட்டை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தார் அக்கா.

"பாரு, அவசரப்படாதே, கண்ணு பழகட்டும்."

முதலில் வெறும் அதிர்வு மாதிரி இருந்தது. அப்புறம் ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரிந்தன. பேரிக்காய் வடிவம், இரண்டு கசையிழைகள், துடித்துத் துடித்து நீந்துகின்றன. ஒன்றின் நீளம் 5 மைக்ரான் அளவு, அதாவது ஒரு மில்லிமீட்டரில் 200-இல் ஒரு பங்கு. சில மணி நேரம், நீண்டு போனால் ஒரு நாள் இரண்டு நாள் நீந்தும். அதற்குள் கெட்டியான ஓர் இடத்தைத் தொட்டு, கசையிழையை உள்ளே இழுத்து, ஒட்டிக்கொள்ள வேண்டும். கண்ணாடித் தகட்டில் ஒன்று ஒட்டுவதைப் பார்த்தேன். சுற்றிச் சுற்றி வந்தது, முனையால் தொட்டது, நின்றது, உருண்டையானது. அவ்வளவுதான். இனி அதன் வாழ்க்கை அந்தப் புள்ளியில்.

பிறகு அதே சொட்டில் ஆற்றின் நுண்மண்ணைத் துளி கலந்து பார்த்தோம். நேற்று முன்தினம் என் விரல் ரேகைக்குள் கரைந்த அதே மண், இங்கே பாறாங்கற்களாகத் தெரிந்தது. நுண்மண் துகள் ஸ்போர் அளவிலிருந்து அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் வரை இருக்கும். ஸ்போர்களுக்கு எது பாறை, எது துகள் என்று தெரியாது. தொட்டதில் ஒட்டிக்கொள்கின்றன. துகளில் ஒட்டியவை அந்தத் துகள் போகிற இடத்துக்கெல்லாம் போகும், அலை புரட்டும்போதெல்லாம் புரளும். அதில் ஒரு காடு முளைக்காது.

பாறைமேல் ஏற்கெனவே வண்டல் படிந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமனுக்குப் படலம் என்று வைத்துக்கொள்வோம், ஒரு காகிதத்தின் தடிமன். முக்குளிப்பவர் அதைப் பார்த்து "லேசாத் தூசி படிஞ்சிருக்கு" என்று சொல்லக்கூடும். ஸ்போருக்கு அது தன்னைவிட இருபது மடங்கு உயரம். கலிஃபோர்னியாவின் ராட்சதக் கெல்ப் பற்றி டெவின்னியும் வோல்சும் 1978-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. சதுர சென்டிமீட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் எடைபோடும் அளவு வண்டலே இளம் நிலையைப் பெருமளவு அழிக்கப் போதுமானது. நீரோட்டம் வந்து காப்பாற்றும் என்றும் நம்ப முடியாது. ஓட்டம் மணலைக் கிளப்பினால், அந்த மணலே பாறையை உரசிச் சுரண்டிவிடும்.

ஒட்டியபின் ஸ்போர் முளைத்து ஆண், பெண் என்று தனித்தனி நுண்செடிகளாகிறது. கேமீட்டகத் தாவரம் என்று பாடப்புத்தகம் சொல்லும். பெண் சில செல்கள் மட்டுமே. அது முட்டையை வெளியே தள்ளி, கூடவே ஒரு வேதிப்பொருளையும் விடும், லாமாக்சிரீன் என்று பெயர். பக்கத்திலிருக்கும் ஆண் செடி அதை உணர்ந்ததும் விந்தணுக்களை விடும், அவை அந்தத் தடத்தைப் பிடித்து முட்டைக்கு வரும். இதெல்லாம் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய எல்லைக்குள் நடக்க வேண்டிய காரியம். அதனால்தான் நெருக்கம் இவ்வளவு முக்கியம். டேனியல் ரீட் 1990-இல் காட்டியபடி, ராட்சதக் கெல்ப்பில் சதுர மில்லிமீட்டருக்கு ஒரு ஸ்போருக்கு மேல் இறங்கினால்தான் இளஞ்செடிகள் எதிர்பார்க்கும்படி வருகின்றன.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். வண்டல் பத்து ஸ்போரில் ஒன்பதை அழித்து ஒன்றை விட்டுவைத்தால், காடு பத்தில் ஒன்றாகக் குறையும் என்று கணக்குப் போடத் தோன்றும். அப்படியில்லை. அந்த ஒன்று உயிரோடு, ஆரோக்கியமாகவே இருக்கும். ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் துணை இருக்காது. நெருக்கம் ஓர் அளவுக்குக் கீழே போய்விட்டால், பிழைத்தவையும் வீண். வண்டல் வந்தபின் கோடையில் காடு ஏன் மொத்தமாகவே எழாமல் போகிறது என்பதற்கு இது பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மதியத்துக்கு மேல் உள்ளறைக்குக் கூட்டிப் போனார்கள். கதவைத் திறந்தால் எல்லாம் சிவப்பு. சிவப்பு விளக்கின் கீழ் வரிசையாகக் குடுவைகள், ஒவ்வொன்றிலும் பழுப்புப் பஞ்சு மாதிரி கேமீட்டகத் தாவரங்கள். சிவப்பு ஒளியில் இவை வளரும், ஆனால் முட்டை வைக்காது. ஆண்டுக்கணக்கில் இப்படியே வைத்திருக்கலாமாம். நீல ஒளி பட்டால்தான் இனப்பெருக்கத்துக்குத் திரும்பும். லூனிங், டிரிங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1972-இலேயே இதைக் கண்டறிந்து வெளியிட்டார்கள்.

கலங்கிய ஆற்றுநீர் கடலுக்குமேல் பரவும்போது முதலில் அடிபடுவது இந்த நீலம்தான். நுண்மண்ணும், காட்டிலிருந்து கரைந்து வரும் பழுப்புப் பொருள்களும் நீல ஒளியை விழுங்கிவிடுகின்றன. அடியில் ஒரு துகள்கூடப் படியாத இடத்திலும் கெல்ப் தவறுவது இதனால் சாத்தியம். பாறை சுத்தமாக இருக்கும், ஒட்டியவை உயிரோடு இருக்கும், ஆனால் பொழுது விடியவில்லை என்று காத்துக்கிடக்கும்.

அந்தக் காத்திருப்பு ஒரு விதத்தில் பாதுகாப்பும்கூட. குறைந்த ஒளியில் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும் திறன் இவற்றுக்கு உண்டு. புதைத்தால்தான் முடியாது. வண்டலுக்கு அடியில் ஆக்ஸிஜன் தீர்ந்து, சேற்று நாற்றம் தரும் சல்ஃபைடு சேரும்போது தாங்காது. இருட்டுக்குப் பொறுமை உண்டு, மூச்சடைப்புக்கு இல்லை.

வெள்ளி, கழிமுகம்

காலையில் நீர் வற்றும் நேரம் பார்த்துப் போனோம். அணை இருந்த காலத்தில் இங்கே கூழாங்கல் கரைதானாம். ஆறு மணல் கொண்டுவராததால் கடல் அரித்து அரித்துக் கல்லை மட்டும் விட்டுவைத்திருந்தது. இப்போது கால் புதையும் மணல், வளைந்து வளைந்து போகும் திட்டுகள், நடுவே தேங்கிய நீரில் குட்டி நண்டுகள். கழிமுகத் திட்டு சுமார் 60 ஹெக்டேர் வளர்ந்திருக்கிறது. கடலே பின்வாங்கிப் புது நிலம் கொடுத்த இடத்தில் நிற்பது தனி அனுபவம்.

இங்கே முக்குளித்து எண்ணியவர்கள் அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தாரும், லோவர் எல்வா க்லாலம் பழங்குடியினரும், அவர்களோடு வேறு சில அமைப்புகளும். இடிப்பதற்கு முன்பே தொடங்கி, அதே இடங்களில் வருடா வருடம் இறங்கி, செடி செடியாக எண்ணினார்கள். முன்பே எண்ணிவைத்திருந்ததால்தான் பின்பு என்ன மாறியது என்று சொல்ல முடிந்தது.

அவர்கள் கண்டது: அணை போவதற்கு முன் அடிப்பரப்பில் பாதிக்கு மேல் கெல்ப்பும் சிவப்புப் பாசியும் மூடியிருந்தன. இடிப்பு நடந்த காலத்திலேயே ஒரு கோடி டன்னுக்கு மேல் வண்டல் கடலுக்கு வந்தது. வண்டல் நிலையாகப் படிந்த இடங்களில் பாசிகள் வெகுவாகக் குறைந்தன, அல்லது முற்றாக அழிந்தன. படியாத இடங்களிலும் குறைந்தன, தண்ணீர் எவ்வளவு கலங்கலோ அவ்வளவு. நேற்று நுண்ணோக்கியிலும் சிவப்பறையிலும் பார்த்த இரண்டு வழிகளும் இதில் அப்படியே தெரிகின்றன.

பிறகு கலங்கல் குறைந்தது. படியாத பாறைப்பகுதிகளில் கெல்ப் சில ஆண்டுகளில் மீண்டது. புதன்கிழமை நாங்கள் கயாக்கில் போனது அப்படி மீண்ட காட்டுக்கு நடுவேதான். ஆனால் மணல் மூடிய இடங்களில் பற்றிக்கொள்ளக் கல்லே இல்லை. அங்கே கெல்ப்பை எதிர்பார்ப்பதிலும் நியாயமில்லை. அந்த இடம் இப்போது மணல் விரும்பும் மீன்களுக்கு. சாண்ட் லான்ஸ் என்ற சிறு மீனும், தட்டை மீன்களும் அங்கே பெருகின. சாண்ட் லான்ஸ் சால்மனுக்கு இரை. ஒன்று போய் இன்னொன்று வந்தது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். போனதும் கணக்கில் வர வேண்டும், வந்ததும் கணக்கில் வர வேண்டும்.

க்லாலம் மக்களின் படைப்புக் கதையில் வரும் புனித இடம் ஆல்ட்வெல் ஏரித் தண்ணீருக்கு அடியில் இருந்தது. ஏரி வடிந்தபின்தான் அது வெளியே வந்தது. ஆற்றோரத்தில் நடக்கும்போது இதையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

சனி, டங் பாயிண்ட்

மேற்கே, கழிமுகத்தின் தொல்லை எட்டாத பாறைக்கரை. வற்றிய நேரத்தில் பாறை முழுக்கப் பாசி, நட்சத்திர மீன், சிப்பி. தண்ணீர் விளிம்பில் ப்டெரிகோஃபோரா என்ற இன்னொரு கெல்ப் நின்றது. கட்டைபோல் இறுகிய தண்டு, பல ஆண்டுகள் வாழக்கூடியது. இப்படிப்பட்டவற்றுக்கு ஒரு கலங்கல் குளிர்காலம் போனால் அடுத்தது உண்டு. வளர்ந்த செடி நின்றபடி நல்ல ஆண்டுக்குக் காத்திருக்கும். நெரியோசிஸ்டிஸுக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு ஆண்டும் பூஜ்யத்திலிருந்து.

கிளம்பும் முன் அக்காவிடம் கேட்டேன்: "சரி, அணையை இடிக்காம இருக்க முடியாது. துறைமுகம் தூர்வாராம இருக்க முடியாது. கெல்ப்புக்கு என்னதான் செய்யலாம்?"

"மண்ணை எப்போ விடறோம்னு பாக்கணும். ஸ்போர் இறங்குற மாசத்துல பாறைமேல மண்ணு இருக்கக் கூடாது. வெளிச்சம் தேவைப்படுற மாசத்துல தண்ணி கலங்கக் கூடாது. ஒட்டின அப்புறம், இருட்டா இருக்கிற கொஞ்ச காலம் மட்டும்தான் அது நமக்குக் கொடுக்கிற இடைவெளி."

அந்த இடைவெளியை இன்று யாரும் கெல்ப்பைக் கேட்டுத் தீர்மானிப்பதில்லை. நீர்நிலை வேலைகளுக்கான கால அட்டவணைகள் பெரும்பாலும் மீன்களை வைத்தே போடப்படுகின்றன. தெற்கே க்ளாமத் ஆற்றில் நான்கு அணைகளை அகற்றியபோதும், 2024 ஜனவரியில் நீர்த்தேக்கங்களை வடிக்கத் தொடங்கியது சால்மனுக்குச் சேதம் குறைவான காலம் பார்த்துத்தான். அந்த ஆறு கலக்கும் வடகலிஃபோர்னியக் கரையிலும் இதே நெரியோசிஸ்டிஸ்தான் வளர்கிறது. 2014-க்குப் பிறகு வந்த வெப்ப அலையாலும் கடல் முள்ளெலிகளாலும் அந்தக் கரையின் தென்பாதியில் அது 90 சதவீதத்துக்கு மேல் அழிந்துபோனது. அடுத்த பயணம் அங்கேதான், குளிர்கால மழை ஓய்ந்து இளஞ்செடிகள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும் மார்ச் வாக்கில்.